பதினெட்டாம் பெருக்கும் ஹேகர் ஓடையும்

சேனாபதியைத் திட்டித்தான் இதைத் தொடங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். மனசுக்குள் எத்தனையோ முறை திட்டியும் ஆயிற்று. ஆனால் அவன் என்ன செய்தான்? வாயைத் திறந்து நாலு வார்த்தை கிண்டல் பேசினான், அவ்வளவுதான். அதற்கு ரோஷப்பட்டு நாற்பது குடும்பங்களை அந்த மடுவுக்கு நடத்திக்கொண்டு போனது நான். திருமூர்த்தி, எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூ ஜெர்சி. படித்த முட்டாளுக்கு விலாசம் கேட்டால் இதைக் கொடுங்கள்.

ஹேகர் ஓடை எங்கள் வீட்டிலிருந்து மேற்கே காரில் ஐம்பது நிமிஷம். பாலத்தில் நின்று பார்த்தால் ஒரு பெரிய வாய்க்கால் மாதிரிதான் தெரியும். அதில் ட்ரௌட் மீன் இருந்தது. வசந்தத்தில் அரசாங்க லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்களே, தூண்டில்காரர்கள் ஒரே வாரத்தில் பிடித்துத் தின்று தீர்ப்பார்களே, அந்த வளர்ப்பு மீன் இல்லை. அங்கேயே முட்டையிட்டு அங்கேயே பொரிந்த மீன். உடம்பில் சிவப்புப் புள்ளிகள், துடுப்பு ஓரத்தில் சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெள்ளைக் கோடு. தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும் அதற்கு. எழுபது டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் தவிக்கும். எண்பதை நெருங்கினால் செத்துப்போகும்.

1993இல் எங்கள் கம்பெனி, சமூக சேவை என்று ஒரு சனிக்கிழமை எங்களுக்கு டி-ஷர்ட் மாட்டி அந்த ஓடைக்கு அனுப்பியது. மற்றவர்கள் இரண்டு டயரைத் தூக்கிப் போட்டுவிட்டு பீட்ஸா தின்றுவிட்டுப் போனார்கள். நான் அடுத்த வாரமும் போனேன். அங்கே பதினைந்து பேர் வாராவாரம் வேலை செய்தார்கள். தலைவி மார்ஜ், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். ஐம்பத்தாறு வயது, வாயில் எப்போதும் சிகரெட், யாரையும் திட்டாமல் அவருக்குப் பேச வராது. என்னிடம் ஒரு தெர்மாமீட்டரையும் ஒரு நோட்டையும் கொடுத்து, "நீதான் எங்க சயின்டிஸ்ட்" என்றார். லேபில் நான் இருநூறு பேரில் ஒருவன். தமிழ்ச்சங்க விழாவுக்குப் போனால், கிரீன் கார்டு வந்துடுச்சா, வீடு வாங்கியாச்சா என்பதற்கு மேல் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. மார்ஜ் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக ஆறு வருஷம் போனேன். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

ஆறு வருஷத்தில் என்ன செய்தோம் என்று கேட்டால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. மாடுகள் இறங்கி மிதிக்காமல் வேலி போட்டோம். கரையில் வில்லோ மரக் குச்சிகளை நட்டு நிழல் வளர்த்தோம். இரண்டு பக்கமும் கல் அடுக்கி, பரந்து கிடந்த தண்ணீரைக் குறுக்கி ஆழமாக ஓட வைத்தோம். மீன் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்து ஓடைக்கரை மேட்டில் எண்பத்தாறு வீடு கட்ட ஒரு பில்டர் கிளம்பினான். அத்தனை வீட்டுக் கழிவுநீரும் சுத்தம் செய்து இந்த ஓடையில்தான் விழும். தடுக்க ஒரே வழிதான் இருந்தது. ட்ரௌட் இங்கே இனப்பெருக்கம் செய்கிறது என்று மாநில மீன்துறை எழுதிக் கொடுத்துவிட்டால் ஓடையின் தகுதி உயரும், பில்டருக்கு அனுமதி கிடைக்காது. அதற்கு அந்த வருஷம் பொரிந்த குஞ்சை அதிகாரி கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு வருஷம் கடிதம் எழுதி எழுதி மார்ஜ் ஒரு தேதி வாங்கினார். 1999 ஆகஸ்ட் 12, வியாழக்கிழமை.

அந்தக் கோடையில் மழையே இல்லை. ஓடை வற்றிச் சூடேறிவிட்டது. பாலத்திலிருந்து ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக இருநூறு கஜம் தள்ளி, ஒரு பாறைக்கு அடியிலிருந்து ஊற்று வந்து விழும் இடத்தில் மட்டும் ஒரு மடு குளிர்ந்து கிடந்தது. ஓடையில் எழுபத்தொன்பது டிகிரி, மடுவில் ஐம்பத்தெட்டு. குஞ்சுகள் அத்தனையும் அங்கே வந்து ஒண்டியிருந்தன. நாற்பதுக்குக் குறையாது. விரல் நீளம்தான் ஒவ்வொன்றும். "பன்னிரண்டாம் தேதி வரைக்கும் இதுங்க உயிரோட இருந்தா போதும். இந்த இடத்தை எவன்கிட்டயும் சொல்லக் கூடாது. பொண்டாட்டிகிட்டகூட" என்று மார்ஜ் எங்களிடம் சத்தியம் வாங்கினார். நானும் செய்தேன்.

இப்போது சேனாபதிக்கு வருகிறேன். பக்கத்து ஊர் எடிசனில் இருந்தான், சங்கத்தின் கலாச்சாரச் செயலாளர். அமெரிக்காவில் நம் சாமிகளெல்லாம் சனி ஞாயிறில்தான் அருள்பாலிப்பார்கள். அதனால் செவ்வாய்க்கிழமை வரவேண்டிய ஆடிப்பதினெட்டை ஆகஸ்ட் ஒன்று ஞாயிற்றுக்கிழமைக்கு இழுத்து வைத்திருந்தான். முந்தின வருஷம் ஒரு பார்க்கில், குழந்தைகள் குளிக்கிற பிளாஸ்டிக் தொட்டியில் ஹோஸ் பைப்பால் தண்ணீர் நிரப்பி, அதற்குச் சூடம் காட்டினார்கள். காவேரித் தாயே என்று அந்தத் தொட்டியைக் கும்பிட்டதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அதை அவன் மறக்கவில்லை.

"ஏப்பா திருமூர்த்தி, வாராவாரம் ரப்பர் பூட்ஸ் போட்டுட்டு எங்கியோ போறியே, நிஜமாவே ஆறு இருக்கா, இல்ல வீட்டு வேலைக்குப் பயந்து பார்க்கிங் லாட்ல தூங்கிட்டு வரியா?" என்றான், ஒரு பிறந்தநாள் விருந்தில், எல்லார் முன்னாலும். என் மனைவி வசந்தாமணியும் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"வா, காட்டறேன். இந்த வருஷம் பெருக்கு அங்கதான்" என்று சொல்லிவிட்டேன்.

பாலத்தடியோடு நிறுத்திக்கொள்வதாகத்தான் இருந்தேன். சத்தியமாக. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நாற்பது குடும்பமும் இருபத்தேழு காரில் நெருக்கியடித்து வந்து இறங்கியது. பட்டுப்புடவை, முளைப்பாரி, காப்பரிசி, காதோலை கருகமணி, ஐந்து வகைச் சாதம். பாலத்தடியில் குவாத்தமாலாக்காரர்கள் இரண்டு குடும்பம் உட்கார்ந்திருந்தது. தோட்ட வேலை செய்கிறவர்கள், ஞாயிறானால் பிள்ளைகளைக் குளிப்பாட்ட அங்கே வருவார்கள். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு மரியாதையாக ஓரமாகப் போனார்கள்.

தண்ணீர் கணுக்காலுக்குக்கூட இல்லை. பாசி பிடித்துப் பச்சையாக, வெதுவெதுவென்று, லேசாக நாற்றம் வேறு.

"இதா ஆறு? எங்க வீட்டு டிரைவ்வேல மழை பேஞ்சா இதவிட ஜாஸ்தி ஓடும்" என்றான் சேனாபதி. "ஆறு வருஷமா இதைத்தான் ரெஸ்டோர் பண்ணியாக்கும்! நல்லா பண்ணினப்பா!"

நாற்பது குடும்பமும் சிரித்தது. வசந்தாமணி சிரிக்கவில்லை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள். ஆறு வருஷமாக என் சனிக்கிழமைகளைப் பறிகொடுத்தவள் அவள். இதற்காகத்தானா என்று அவள் நினைத்திருந்தால் என்ன தப்பு? எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது.

"இது சும்மா ஓரம். என்கூட வாங்க" என்றேன்.

இருநூறு கஜம். திரும்பிவிட எனக்கு இருநூறு கஜம் நேரம் இருந்தது. திரும்பவில்லை.

மடுவைப் பார்த்ததும் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கண்ணாடி மாதிரித் தண்ணீர், பாறையிலிருந்து ஊற்று, சுற்றிலும் நிழல். யாரோ கை நனைத்து, "ஐயோ, ஃப்ரிட்ஜ் தண்ணி மாதிரி இருக்குடி!" என்று கத்தினார்கள். அடுத்த குரல், "அங்க பாரு, மீனு! எத்தன மீனு!" அவ்வளவுதான். குளத்தில் மீனைக் கண்டால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? கோயில் தெப்பக்குளம் என்ற நினைப்பு. பொரி விழுந்தது, எலுமிச்சைச் சாதம் விழுந்தது, மஞ்சள் தண்ணீர் விழுந்தது, ஒரு லிட்டர் பால் விழுந்தது. பிள்ளைகள் இறங்கின. பின்னாலேயே பெண்கள் முழங்கால் வரை இறங்கினார்கள்.

"இறங்காதீங்க" என்று நான் சொன்னேன். ஒருமுறை. யாருக்கும் கேட்காத சத்தத்தில்.

இரண்டாம் முறை சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது வசந்தாமணி தண்ணீருக்குள் நின்றபடி, புது மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க, இவ்வளவு நல்லா இருக்கும்னு நீங்க சொல்லவே இல்லியே" என்றாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் என்னை அவள் அப்படிப் பெருமையாகப் பார்த்தது இல்லை. சேனாபதிகூட என் தோளைத் தட்டி, "மன்னிச்சுக்கப்பா, நீ பெரிய ஆளு" என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் மூடிக்கொண்டிருந்தேன். மீன்கள் கால்களுக்கு நடுவே சிதறி, மடுவை விட்டுக் கீழே, அந்தச் சூட்டுத் தண்ணீருக்குள் போவதை நின்று பார்த்தேன். அங்கே எத்தனை டிகிரி என்று உலகத்திலேயே துல்லியமாகத் தெரிந்தவன் நான்தான்.

திங்கள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு நேராகப் போனேன். டே கேம்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த என் மகள் தென்றலும் காரில் இருந்தாள். ஒன்பது வயது. நாம் பேசும் தமிழெல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும்.

மடுவுக்குக் கீழே, ஆழமில்லாத இடத்தில், கல் இடுக்குகளில் வெள்ளை வயிறு மேலே தெரியக் கிடந்தன. முப்பத்தொன்று எண்ணினேன். தென்றல் ஒன்றை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "அப்பா, டிட் வி டூ திஸ்?" என்றாள். நான் மளிகைப் பையில் வாழை இலை, வெற்றிலை, பூ, சோற்றுப் பருக்கை என்று ஒன்று விடாமல் பொறுக்கினேன். பிறகு மீன்களைப் பொறுக்கினேன். ஒரு மரத்தடியில் கையளவு குழி தோண்டிப் புதைத்தோம். அவள் மேலே ஒரு கல் வைத்தாள்.

"ஆர் யூ கோயிங் டு டெல் மார்ஜ்?"

"நான் சொல்றேன்டா. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

புதன்கிழமை மார்ஜ் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது. மடுவில் ஒரு குஞ்சுகூட இல்லை என்றார். கரையெல்லாம் வெறுங்கால் தடம், சின்னதும் பெரியதுமாக. "பாலத்தடியில குளிக்கிறவங்கதான். வலை போட்டு வாரிட்டுப் போயிருக்காங்க. நீ ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் போனியா?"

"இல்ல. வீட்ல விசேஷம்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா!

சனிக்கிழமை, குளிக்கக் கூடாது, மீறினால் போலீஸ் என்று ஸ்பானிஷில் எழுதிய பலகையைப் பாலத்தடியில் அடிக்க வேண்டிய வேலை என் தலையில் விழுந்தது. கேட்டு வாங்கவில்லை, மறுக்கவும் இல்லை. தென்றல் ஆணி எடுத்துக் கொடுத்தாள். நான் அடித்து முடித்தபோது பின்னால் ஒரு ஆள் நின்றிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனவன். பலகையைப் படித்தான். தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷில், நிதானமாக, கோபமே இல்லாமல் சொன்னான். "நாங்க மேல போறதில்ல. அங்க மீன் குஞ்சு இருக்கு, பிள்ளைங்ககிட்ட போகாதீங்கன்னு சொல்லியிருக்கேன். போனது நீங்க. உங்க பெண்கள். பூவோட."

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவன் என்னையும் தென்றலையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

காரில் ஏறியதும் தென்றல் அழுதாள். "யூ ஹாவ் டு டெல் ஹர். டுடே. ப்ளீஸ், அப்பா." அந்த அழுகையைத் தாங்க முடியாமல் நேராக மார்ஜ் வீட்டுக்கு ஓட்டினேன். நிஜமாகவே சொல்லிவிடுவது என்றுதான் போனேன். தென்றல் காரிலேயே இருந்தாள். மார்ஜ் கதவைத் திறந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரையும் சந்தேகப்பட்டேன் திரு. நம்ம ஆளுங்கள்ல யாரோ வாயை விட்டிருக்காங்கன்னு. உன்னை மட்டும் சந்தேகப்படல" என்றார். காபி கொடுத்தார். குடித்தேன். பலகை அடித்தாயிற்று என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"டிட் யூ டெல் ஹர்?"

"ம்."

தென்றல் முன் சீட்டுக்கு எக்கி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஐ ஆம் ப்ரௌட் ஆஃப் யூ, அப்பா" என்றாள். மார்ஜ் ரொம்ப வருத்தத்தில் இருக்கிறார், அந்தப் பேச்சை அவரிடம் எடுக்காதே என்று அதற்கும் ஒரு பூட்டுப் போட்டேன்.

பன்னிரண்டாம் தேதி லீவு போட்டுவிட்டுப் போனேன். மீன்துறை மெஷினைப் பார்க்க வேண்டும் என்று தென்றலும் வந்தாள். வராதே என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அதிகாரி இளவயசுக்காரர். முதுகில் பேட்டரி, கையில் நீளக் கோல். அதைத் தண்ணீரில் வைத்தால் மீன் கொஞ்ச நேரம் மயங்கி மேலே வரும், வலையில் எடுத்து அளந்துவிட்டுத் திரும்ப விடுவார். பாலத்திலிருந்து மடு வரைக்கும் மூன்று மணி நேரம் நடந்தார். சின்னச் சின்ன வெள்ளைக் கெண்டைகள்தான் வந்தன. மடுவில் ஒரே ஒரு பெரிய ட்ரௌட், கிழடு. குஞ்சு இல்லை.

"பெரிய மீன் எங்கிருந்து வேணும்னாலும் நீந்தி வந்திருக்கலாம்" என்றார் அதிகாரி. உண்மையிலேயே வருந்தினார். "உங்க டெம்பரேச்சர் நோட்டு அருமையா இருக்கு. ஆனா நான் குஞ்சைப் பார்க்கணும். உயிரோட வேணும்னுகூட இல்ல. இந்த மாசம் செத்த ஒண்ணை யாராவது ஒரு ஜாடில போட்டு வெச்சிருந்தாகூட, இடமும் தேதியும் சொல்லிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டா, எழுதிட்டுப் போயிருப்பேன்."

ஜாடி! என் லேபில், செத்ததைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் ஜாடி அலமாரி அலமாரியாக இருக்கிறது. முப்பத்தொரு குஞ்சைக் கையில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் நான் செய்ய வேண்டியிருந்தது ஒரு மூடியைத் திருகுவது மட்டும்தான். அதைச் செய்யாமல் கோழை மாதிரி மண்ணைத் தள்ளி மூடினேன். மீனைக் கொன்றதாவது நாற்பது குடும்பத்தோடு சேர்ந்து. இதை நான் தனியாகச் செய்தேன்.

தென்றலின் முகம் மலர்ந்துவிட்டது. நான் கையைப் பிடிப்பதற்குள் மார்ஜிடம் ஓடினாள். "மார்ஜ்! வி ஹாவ் தெம்! தி ஒன்ஸ் வி பெரீட்! அப்பா டோல்ட் யூ, ரிமெம்பர்?"

மார்ஜ் அவளைப் பார்த்தார். "என்ன சொன்னான், கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார்.

தென்றல் மார்ஜின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு ஒரு விஷயம் விளங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ரொம்ப ஆகவில்லை.

அவள்தான் மரத்தடியைக் காட்டினாள். கல் புரண்டு கிடந்தது. ரக்கூன், நம் ஊர் மரநாய் மாதிரி ஒரு பிராணி, தோண்டியிருக்கிறது. நான் வெட்டிய குழிதானே, அதற்கு ஒரு நிமிஷ வேலைகூட இல்லை. மண்ணுக்குள் இரண்டு மூன்று முள் கிடந்தது, கொஞ்சம் செதில். அதிகாரி மண்டியிட்டு அவற்றை விரலால் புரட்டிப் பார்த்தார். "இது எந்த மீன்னு என்னால எழுத முடியாது" என்றார். மறுபடி விண்ணப்பித்தால் வரிசையில் மூன்று வருஷம் ஆகும் என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெருக்கு, பொரி, பால், மஞ்சள் கயிறு, முப்பத்தொன்று. இனி சொல்வதில் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று ஆனபிறகு, வார்த்தை தடையில்லாமல் வந்தது. மார்ஜ் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். அவர் பாலத்துக்கு இறங்கிப் போய், நான் அடித்த பலகையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். ஆணி கிழித்துக் கையில் ரத்தம் வந்தது. உதவிக்கு நான் கிட்டே போனபோது, "நீ வராதே" என்றார்.

அடுத்த வசந்தத்தில் மேட்டில் புல்டோசர் இறங்கியது. இந்த வருஷம் வீடுகள் முடிந்துவிட்டன. சேனாபதி அதில் ஒன்றை வாங்கியிருக்கிறான். கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தான், பின்பக்கம் ஓடை தெரிகிறது என்று பெருமையாகச் சொன்னான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் போகவில்லை. குவாத்தமாலாக் குடும்பங்கள் அதற்குப் பிறகு பாலத்தடிக்கு வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். மார்ஜ் அவர்களைத் தேடி இரண்டு ஊர் அலைந்தாராம். கிடைக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது தென்றல் பின் சீட்டில், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் நாலைந்து தடவை கூப்பிட்டேன். மன்னிச்சுக்கடா என்றேன். அப்பா பயந்துட்டேன்டா என்றேன். எங்கள் தெருவுக்குள் திரும்பும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஐ ஹக்ட் யூ ஃபார் இட்" என்றாள். அந்தச் சனிக்கிழமை காரில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டதைச் சொன்னாள்.

இப்போது அவளுக்குப் பதினொன்று. நான் எதைச் சொன்னாலும், சாப்பிட்டாச்சு என்று சொன்னால்கூட, ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறாள்.